நீரடி ஒளிப்படவியல்

நீரடி ஒளிப்படவியல் என்பது நீர்ப்பரப்பின் கீழிருந்து ஒளிப்படம் எடுக்கும் கலையையும் அதற்கான நுட்பங்களையும் குறிக்கும். கடலாய்வு, தொல்லியல், கப்பல் பழுதுபார்ப்பு போன்ற துறைகளில் இது தொழிலாகச் செய்யப்படுகிறது. எனினும் இதில் ஈடுபடுவோருள் பெரும்பாலானோர் பொழுதுபோக்காக ஸ்கூபா முக்குளிப்பவர்களே. நண்பர்கள் சிலர் காலையில் ஒரு படகில் புறப்பட்டு, இரண்டு முறை மூழ்கிப் படமெடுத்து, மாலைக்குள் கரை திரும்புவது இதன் பொதுவான வடிவம் ஆகும்.

தரையில் படமெடுப்பவர் நல்ல காட்சிக்காக வேண்டிய நேரம் காத்திருக்கலாம். நீரடியில் அந்த நேரத்தை முதுகில் உள்ள உருளையின் காற்றும் உடலில் கரையும் நைதரசனும் வரையறுக்கின்றன. எனவே இக்கலையைக் கற்பிப்போர், முக்குளிப்பு முற்றிலும் பழகிய பின்னரே ஒளிப்படக்கருவியைக் கையில் எடுக்க வேண்டும் என வலியுறுத்துவர்.

வரலாறு

1856 ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் தாம்சன் என்பவர் வேமத் அருகே ஒளிப்படக்கருவி ஒன்றைப் பெட்டியில் அடைத்துக் கடலுள் இறக்கிப் படமெடுத்தார். அவர் நீரில் மூழ்கவில்லை. படகில் இருந்தவாறே கருவியை இயக்கினார். பெட்டிக்குள் நீர் புகுந்தபோதும் படத்தகடு தப்பியது. நீரடி ஒளிப்படத்தின் முதல் முயற்சியாக இதைக் கொள்வர்.

நீருள் இறங்கிப் படமெடுத்தவர்களுள் முன்னோடி பிரான்சு நாட்டு உயிரியலாளர் லூயி பூத்தான் ஆவார். 1893 இல் நடுநிலக் கடலோர ஊரான பன்யூல்சில் தம் படப்பிடிப்பைத் தொடங்கினார். 1899 இல் உருமேனிய உயிரியலாளர் எமில் ரக்கோவித்சா மூழ்குடையுடன் நீரடியில் நிற்கும் படத்தை எடுத்தார். 1900 இல் இத்துறைக்கென ஒரு நூலும் வெளியிட்டார்.

1926 இல் அமெரிக்காவின் புளோரிடாவை அடுத்த டிரை டோர்ட்டுகாசுத் தீவுகளில் வில்லியம் லாங்லியும் சார்லசு மார்ட்டினும் நீரடியில் முதல் வண்ணப்படங்களை எடுத்தனர். போதிய ஒளி பெறுவதற்காக, நீர்ப்பரப்பில் மிதந்த தெப்பத்தில் மக்னீசியத் தூளை எரித்தனர்.

1943 இல் ஜாக்-யீவ் கூஸ்தோவும் பொறியியலாளர் எமீல் கான்யானும் உருவாக்கிய அக்குவாலங் என்னும் கருவி பெருமாற்றத்தை ஏற்படுத்தியது. மேலிருந்து குழாய்வழிக் காற்று பெறும் தேவை நீங்கியது. மூழ்குபவர் மீனைப் போல் எத்திசையிலும் நீந்த முடிந்தது. கூஸ்தோவும் லூயி மாலும் இயக்கிய 'மௌன உலகம்' என்னும் ஆவணப்படம் 1956 இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. கூடு இன்றியே நீரில் பயன்படத்தக்க நிக்கோனோஸ் ஒளிப்படக்கருவி 1963 இல் விற்பனைக்கு வந்தது. இதன் உற்பத்தி 2001 இல் நிறுத்தப்பட்டது. அதன் பின் எண்முறை ஒளிப்படக்கருவிகள் பரவலாயின. படச்சுருளில் 36 படங்களுக்கு மேல் எடுக்க இயலாமல் இருந்த வரம்பும் அத்துடன் மறைந்தது.

நீரில் ஒளியின் இயல்பு

நீரடிப் படம் ஒன்றின் தரத்தை மூன்று இயற்பியல் விளைவுகள் தீர்மானிக்கின்றன.

1. ஒளி உறிஞ்சப்படல்: நீர் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. தெளிந்த கடல்நீரிலும் சுமார் 5 மீட்டருக்குள் சிவப்பு பெரும்பாலும் மங்கிவிடுகிறது. அடுத்துச் செம்மஞ்சளும், பின்னர் மஞ்சளும் மறைகின்றன. இறுதியில் நீலமும் பச்சையும் எஞ்சுகின்றன. ஆழத்தில் விரல் கீறிக் குருதி வந்தால் அது கரும்பச்சையாகத் தோன்றுவது இதனாலேயே. இங்கு ஆழத்தை மட்டும் கணக்கிடுதல் போதாது. பொருளிலிருந்து கருவி வரை ஒளி கடக்கும் தொலைவையும் சேர்த்தே கொள்ள வேண்டும். 3 மீட்டர் ஆழத்தில் உள்ள மீனை 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், சூரிய ஒளி மொத்தம் 5 மீட்டர் நீரைக் கடந்தே கருவியை அடைகிறது.

2. ஒளிமுறிவு: நீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33 ஆகும். முகமூடியின் தட்டைக் கண்ணாடி வழியே நோக்கும்போது பொருள்கள் அவற்றின் உண்மைத் தொலைவில் நான்கில் மூன்று பங்கு தொலைவிலேயே இருப்பதாகத் தோன்றும். அளவிலும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். புதிதாக மூழ்குவோர் தாம் கண்ட மீனின் நீளத்தைக் கரையில் கூட்டிச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. சிதறல்: நீரில் மிதக்கும் மணல், மிதவை நுண்ணுயிர்கள் ஆகியவை ஒளியைச் சிதறடிக்கின்றன. கருவியின் வில்லைக்கு அருகில் விளக்கு இருந்தால் அத்துகள்கள் ஒளியைத் திருப்பி அனுப்பி, படம் முழுவதும் பனி பெய்தது போன்ற வெண்புள்ளிகளை உண்டாக்கும். இது பின்சிதறல் எனப்படும்.

இம்மூன்றிற்கும் பொதுவான தீர்வு, பொருளுக்கும் கருவிக்கும் இடையே உள்ள நீரைக் குறைப்பதாகும். ஆகவே "நெருங்கு, இன்னும் நெருங்கு" என்பதே இக்கலையின் முதற்பாடம். தொலைவைக் குறைக்காமல் வில்லையின் உருப்பெருக்கத்தைக் கூட்டுவதால் பயனில்லை. இடையில் உள்ள நீர் குறைவதில்லை.

கருவிகள்

- நீர்புகாக் கூடு: ஒளிப்படக்கருவியை உள்ளடக்கும் நெகிழி அல்லது அலுமினியப் பெட்டி. இதன் மூடியை ஓ-வளையம் எனப்படும் மெல்லிய இரப்பர் வளையம் அடைக்கிறது. அவ்வளையத்தில் ஒரு தலைமுடியோ மணற்துகளோ படிந்திருந்தாலும் கூட்டுக்குள் நீர் புகலாம். எனவே கருவியை வைப்பதற்கு முன் வெற்றுக் கூட்டை நீரில் அமிழ்த்திச் சோதிப்பது வழக்கம்.
- முகப்பு: வில்லையின் முன் உள்ள கண்ணாடி. தட்டை முகப்பு ஒளிமுறிவால் காட்சிக் கோணத்தைக் குறுக்குகிறது. குவிமாட முகப்பு அக்கோணத்தை மீட்டுத் தருவதால் அகலக்கோணப் படங்களுக்கு ஏற்றது. சிற்றுயிர்களின் அண்மைப் படங்களுக்குத் தட்டை முகப்பே பொருந்தும்.
- மின்வெட்டொளி விளக்கு: இழந்த நிறங்களை மீட்டுத் தருவது. பின்சிதறலைத் தவிர்க்க, இது நீண்ட கைகளில் பொருத்தப்பட்டுக் கருவியின் இருபுறமும் விலக்கி வைக்கப்படும்.
- செந்நிற வடிகட்டி: விளக்கு இல்லாதோர் ஆழம் குறைந்த நீரில் பயன்படுத்துவது. சிவப்பு முற்றாக மறைந்த ஆழத்தில் இதனால் பயன் இல்லை.
- பிணைப்புக் கயிறு: கருவியை மிதவைச் சட்டையுடன் இணைப்பது. இடர் நேரும்போது கருவியை விட்டுவிட்டு இரு கைகளையும் பயன்படுத்த இது உதவும்.

காற்றும் நேரமும்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் மொத்த அழுத்தம் மூன்று மடங்காகும். ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று செலவாகும்.

எடுத்துக்காட்டாக, 12 லிட்டர் உருளையில் 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய காற்று சுமார் 2400 லிட்டர் ஆகும். 50 பார் அளவை மீள்வதற்கென ஒதுக்கினால் 1800 லிட்டர் எஞ்சும். நீர்ப்பரப்பில் நிமிடத்திற்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு 20 மீட்டரில் நிமிடத்திற்கு 60 லிட்டர் தேவைப்படும். அதாவது அவருக்கு 30 நிமிடங்களே உண்டு. நீரோட்டத்தை எதிர்த்துக் கருவியைத் தள்ளிக்கொண்டு நீந்தினால் இது மேலும் குறையும்.

காற்று மீந்திருந்தாலும் நைதரசன் மற்றொரு வரம்பை விதிக்கிறது. அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைதரசன் குருதியிலும் இழையங்களிலும் கரைகிறது. விரைந்து மேலெழுந்தால் அது குமிழ்களாக வெளிப்பட்டு மூட்டுவலி, உணர்விழப்பு, முடக்கம் போன்றவற்றை ஏற்படுத்தலாம். இது அழுத்தக்குறைவு நோய் எனப்படும். தூய ஆக்சிசன் அளிப்பதும் உயரழுத்த அறையில் சிகிச்சை பெறுவதும் இதற்கான வழிகள். இதைத் தவிர்க்க, மணிக்கட்டில் அணியும் முக்குளிப்புக் கணினி காட்டும் நேர வரம்பைக் கடைப்பிடிப்பர். நிமிடத்திற்கு சுமார் 9 மீட்டருக்கு மிகாமல் மேலெழுந்து, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடங்கள் தங்கிய பின்னரே வெளியேறுவர்.

மேலெழும்போது ஒருபோதும் மூச்சை அடக்கலாகாது. 10 மீட்டரிலிருந்து நீர்ப்பரப்பை அடைகையில் நுரையீரலில் உள்ள காற்று இருமடங்காக விரியும். படம் அசையாமல் இருக்க மூச்சை அடக்கிக் கொள்வது தரையில் படமெடுப்போரின் பழக்கம். நீருக்குள் அதே பழக்கம் உயிருக்கு ஊறு விளைவிக்கலாம். மூச்சை அடக்கியவர் தம்மை அறியாமல் ஓரிரு மீட்டர் மேலெழுவதே நுரையீரல் கிழிவதற்குப் போதுமானது.

ஒரு நாள் முக்குளிப்பின் ஒழுங்கு

பொழுதுபோக்கு முக்குளிப்பு நாளொன்று பொதுவாகப் பின்வருமாறு அமைகிறது.

முதல்நாள் இரவே மின்கலங்கள் மின்னேற்றப்பட்டு, ஓ-வளையங்கள் துடைக்கப்பட்டுக் கூடு அடைக்கப்படும். படகில் ஆடும் கையுடன், ஈரக் காற்றில் இதைச் செய்வது தவறுக்கு இடமளிக்கும்.

காலையில் படகு புறப்படுமுன் அல்லது இடத்தை அடைந்ததும் வழிநடத்துநர் அன்றைய திட்டத்தை விளக்குவார். ஆழம், நீரோட்டத்தின் திசை, திரும்ப வேண்டிய காற்றழுத்தம், மேலெழும் இடம் ஆகியவை இதில் அடங்கும். பின்னர் இருவர் இருவராகப் பிரிந்து ஒருவர் மற்றவரின் மிதவைச் சட்டை, ஈயப்பட்டி, கொக்கிகள், காற்று ஆகியவற்றைச் சரிபார்ப்பர்.

நீருள் பேச இயலாது என்பதால் சைகைகள் பயன்படுகின்றன. பெருவிரலும் சுட்டுவிரலும் வளையமாகச் சேர்ந்தால் "நலம்" என்று பொருள். பெருவிரலை மேல்நோக்கிக் காட்டினால் "மேலே செல்வோம்" என்று பொருள். அழகிய படம் கிடைத்த மகிழ்ச்சியில் இச்சைகையைக் காட்டுபவரைத் துணைவர் மேலே அழைத்துச் சென்றுவிடுவார். தட்டை உள்ளங்கையால் கழுத்தை அறுப்பது போல் காட்டினால் "காற்று இல்லை" என்று பொருள்.

ஆழமான இடத்தில் முதலில் மூழ்கி, ஆழம் குறைந்த இடத்தை இரண்டாவதாக வைத்துக்கொள்வது வழக்கம். இரண்டிற்கும் இடையே சுமார் ஒரு மணி நேரம் படகில் ஓய்வெடுப்பர். இவ்வேளையில் உடலிலிருந்து நைதரசன் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. தேநீரும் பழமும் உண்டு, எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதும் இவ்வேளையிலேயே. ஒரே மீனை நால்வர் நான்கு விதமாக எடுத்திருப்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது புதியவர்களுக்குச் சிறந்த பாடமாகும். ஆயினும் ஈரக் கையுடன் படகில் கூட்டைத் திறப்பதைத் தேர்ந்தவர்கள் தவிர்ப்பர்.

கரை திரும்பியதும் கருவிகள் நன்னீரில் ஊறவைத்துக் கழுவப்படும். உப்பு உலர்ந்து படிந்தால் பொத்தான்கள் இறுகிவிடும். பலமுறை மூழ்கிய பின் குறைந்தது 18 மணி நேரம் விமானத்தில் பறக்கலாகாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அறிவுரை. எனவே பயணத்தின் கடைசி நாளைக் கடலில் கழிக்காமல் கரையில் கழிப்பர்.

துணைவர் முறை

பொழுதுபோக்கு முக்குளிப்பின் அடிப்படைப் பாதுகாப்பு, ஒருவருக்கு ஒருவர் துணையாக இருத்தலே. ஒருவரின் காற்று தீர்ந்தால் மற்றவரின் மாற்றுச் சுவாசக்குழல் வழியாக இருவரும் மேலேறலாம். இருவரும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தால் மட்டுமே இது பயன்படும்.

ஒளிப்படக்கருவி இந்த ஏற்பாட்டை எளிதில் குலைத்துவிடுகிறது. சிறிய கடல் நத்தை ஒன்றின் முன் பத்து நிமிடம் அசையாமல் இருப்பவருக்குத் தம் அழுத்தமானியோ துணைவரோ நினைவிற்கு வருவதில்லை. இருவருமே படமெடுப்பவராயின், பெயரளவில் துணைவர் இருந்தும் உண்மையில் இருவரும் தனித்தே மூழ்குகின்றனர். இதற்காகச் சில நடைமுறைகள் வழக்கில் உள்ளன.

- ஒருவர் படமெடுக்கையில் மற்றவர் படமெடுக்காமல் சூழலைக் கவனித்தல். பின் முறை மாற்றிக்கொள்ளல்.
- ஒவ்வொரு காட்சியை முடித்ததும் காற்றழுத்தத்தைப் பார்த்துத் துணைவருக்கு விரல்களால் தெரிவித்தல்.
- துணைவர் காணாமற் போனால் ஒரு நிமிடம் மட்டும் தேடி, பின் மேலெழுந்து நீர்ப்பரப்பில் சந்தித்தல்.
- வரம்புக்கு அப்பாற்பட்ட ஆழத்தில் ஒரு காட்சி தென்பட்டாலும் இறங்காதிருத்தல்.

கடைசி விதி படமெடுப்போருக்குக் கடினமானது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் உச்ச ஆழம் 40 மீட்டராகக் கொள்ளப்படுகிறது. தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றோருக்கு இது 18 மீட்டர். சுமார் 30 மீட்டருக்குக் கீழே நைதரசன் மயக்கம் தலைகாட்டத் தொடங்கும். மது அருந்தியவர் போல் முடிவெடுக்கும் திறன் குன்றுவதால், ஆபத்தில் இருப்பவர் தாம் நலமாக இருப்பதாகவே எண்ணக்கூடும்.

பவளப்பாறைகளும் கடலுயிர்களும்

பவளம் கல்லைப் போல் தோன்றினாலும் அது நுண்ணிய விலங்குகளின் குடியிருப்பாகும். கிளைப்பவளங்கள் ஆண்டிற்குச் சில சென்டிமீட்டர்களே வளர்கின்றன. திரள்பவளங்கள் இன்னும் மெதுவாக வளரும். ஒரு கால்துடுப்பின் வீச்சு பல ஆண்டு வளர்ச்சியை ஒரு நொடியில் முறித்துவிடும்.

கரிபியத் தீவான செயிண்ட் லூசியாவில் நடத்தப்பட்டு 2004 இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒளிப்படக்கருவி ஏந்தியோர் மற்றவர்களை விட மிகுதியாகப் பவளத்தைத் தொட்டதைக் கண்டறிந்தது. படகில் கூறப்பட்ட சுருக்கமான அறிவுரை மட்டும் இதைக் குறைக்கவில்லை. நீரடியில் வழிநடத்துநர் நேரில் தலையிட்டுத் திருத்தியபோது தொடுதல் குறைந்தது. மிதப்பாற்றலைக் கட்டுப்படுத்தி, எதையும் பற்றாமல் ஓரிடத்தில் நிற்கத் தெரிந்தவரே படமெடுக்கத் தகுதி பெற்றவர் என்னும் கருத்திற்கு இது வலுச் சேர்க்கிறது.

நல்ல கோணத்திற்காக உயிரினங்களை நகர்த்துவதும் குச்சியால் சீண்டுவதும் தவறாகக் கருதப்படுகின்றன. மின்வெட்டொளி கடற்குதிரை போன்ற மீன்களின் கண்களைக் கெடுக்கும் என்ற அச்சம் நெடுநாள் நிலவியது. 2019 இல் வெளியான ஆய்வு ஒன்று ஒளியால் கண்ணிற்கு அத்தகைய கேடு காணப்படவில்லை எனவும், தொட்டு நகர்த்துவதே அவற்றை மிகுதியாகப் பாதிக்கிறது எனவும் காட்டியது. கல்மீன், சிங்கமீன் போன்றவற்றின் முட்கள் நச்சுடையவை என்பதால் தொடாதிருத்தல் படமெடுப்பவருக்கும் நன்மையே.

இலங்கையும் தமிழகமும்

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துக்குளித்தலும் சங்குகுளித்தலும் நெடுங்காலம் நடைபெற்றன. முத்துக்குளிப்போர் இருவர் இருவராக ஒரே மூழ்குகல்லைப் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் மூழ்க, மற்றவர் இளைப்பாறினார். படகில் இருந்தவர் கயிற்றைப் பிடித்திருந்தார். இன்றைய துணைவர் முறையின் அடிப்படை அவர்களுக்குப் புதிதன்று.

இலங்கையில் நீரடி ஒளிப்படவியல், அறிபுனை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்குடனும் அவருடைய நண்பர் மைக் வில்சனுடனும் தொடர்புடையது. இருவரும் 1956 இல் திருகோணமலையில் கோணேசுவரம் அமைந்துள்ள மலையின் அடிவாரக் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர்த்த கோயிலின் இடிபாடுகளைக் கண்டனர். 1961 இல் தென்கிழக்குக் கடலில் உள்ள பெரிய பாசசுப் பாறைத்திட்டில் திரைப்படம் எடுக்கச் சென்ற வில்சன் குழுவினர், மூழ்கிய கப்பல் ஒன்றையும் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களையும் கண்டெடுத்தனர். 1962 இல் வில்சன் இயக்கிய 'ரண்முத்து தூவ' இலங்கையின் முதல் முழுநீள வண்ணத் திரைப்படம் ஆகும்; அதில் நீரடிக் காட்சிகளும் இடம்பெற்றன. வில்சன் பின்னாளில் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி என அழைக்கப்பட்டார்.

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரைக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் ஆழம் குறைந்த பவளப்பாறைகளில் கருமுனைச் சுறாக்களையும் கடலாமைகளையும் காணலாம். பருவக்காற்றின் காரணமாகக் கிழக்குக் கரையில் ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரையும், ஹிக்கடுவை உள்ளிட்ட தென்மேற்குக் கரையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரையும் கடல் தெளிந்திருக்கும்.

மட்டக்களப்பிற்கு அப்பால் கிடக்கும் எர்மிசு என்னும் பிரித்தானிய வானூர்தி தாங்கிக் கப்பல், 1942 ஏப்ரல் 9 அன்று சப்பானிய வானூர்திகளால் மூழ்கடிக்கப்பட்டது. அது 50 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இருப்பதால், தனிப்பயிற்சி பெற்றோர் தவிர மற்றவர்களுக்கு உரியதன்று. படமெடுப்போர் பலரைக் கவரும் இக்கப்பல், ஆழ வரம்பை மதிப்பதன் தேவைக்கும் எடுத்துக்காட்டாகக் கூறத்தக்கது.

தமிழகத்தில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி, 1986 இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகளின் நிலையை ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வாளர்களுக்கு நீரடிப் படங்கள் பயன்படுகின்றன. ஒரே இடத்தைப் பல ஆண்டுகள் படமெடுத்து வந்தால், பவளம் வெளிறியதும் மீண்டதும் அப்படங்களில் பதிவாகும். பொழுதுபோக்காக எடுத்த படமும், நாளும் இடமும் ஆழமும் குறித்து வைக்கப்பட்டிருந்தால், இவ்வகையில் சான்றாக அமையும்.

இவற்றையும் பார்க்க

- ஸ்கூபா முக்குளிப்பு
- அழுத்தக்குறைவு நோய்
- பவளப்பாறை
- முத்துக்குளித்தல்
- திருக்கோணேசுவரம்
- ஆர்தர் சி. கிளார்க்